டெம்ப்ளேட் ஆபீசில் ஞானசௌந்தரியின் வலது கண்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று ஏழுமலையான் மேல் ஆணையாகச் சொல்லப்படுகிறது. கதைக்குரியவர்கள் வேதக்காரர்கள் என்பதால் பைபிள் மேலும் ஓர் ஆணை உண்டு. இரண்டிலும் நம்பிக்கை இல்லாதவர்கள், திருமலை அடிவாரத்து அலிபிரியில் பக்தர்களின் பையைச் சோதிக்கிற எக்ஸ்ரே மெஷின் மேல் சத்தியமாக வைத்துக்கொள்ளலாம். இந்தக் கதையை அதன் வழியாகவும் ஒரு தடவை அனுப்பிப் பார்த்தாயிற்று. ஒன்றும் கூவவில்லை.

சித்தூரில் சர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தில் பிரகாசத்துக்கு ஒரு பேக்கரி. பன், ரஸ்க், தேங்காய் பிஸ்கட், ஆர்டர் கொடுத்தால் பிறந்தநாள் கேக். கேக் சுடுவது பிரகாசம். அதன்மேல் கிரீமில் பெயர் எழுதுவது அவர் மனைவி ஞானசௌந்தரி. அம்மாளுக்கு இடது கண் சின்ன வயதில் அம்மை போட்டதில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே ஊரில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் ரோஜாப்பூ வைத்து எழுதிவந்தார். அந்தக் கண்ணிலும் புரை விழுந்தது. முதலில் எழுத்து சாய்ந்தது. பிறகு கேக்கை விட்டு இறங்கி அட்டையில் ஓடியது. கடைசியாகக் கேசியா என்ற குழந்தைக்கு எழுதியபோது முதல் எழுத்து கேக்கிலும், நடு எழுத்து அட்டையிலும், கடைசி எழுத்து மேஜை விரிப்பிலும் போய் உட்கார்ந்தது. கேக் வாங்க வந்தவர் நல்ல மனிதர். விரிப்பையும் சேர்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

"இனிமே நான் எழுதலைங்க," என்றார் ஞானசௌந்தரி. "நாளைக்குச் சவப்பொட்டியில போற ஆளு பேரை ரோட்டுல எழுதிட்டு வந்துடுவேன்."

திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மழைக்காலத்துக்குள் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்றார். கவுண்டரில் இருந்தவர் மட்டும் ஒன்று கேட்டார்.

"லெட்டர் இன்னா ஃபார்மேட்ல இருக்குது?"

பிரகாசம் தன் கையால் வெள்ளைத்தாளில் எழுதிய மனுவை நீட்டினார். கவுண்டர்காரர் அதை இரண்டு விரலால், செத்த பல்லியை எடுப்பதுபோல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டெம்ப்ளேட் ஆபீசுக்குப் போங்க."

சித்தூர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது நாற்காலி, மேஜை, ஜீப்பு, கோப்பு, கோப்பைக் கட்டுகிற நாடா எல்லாவற்றையும் சித்தூருக்குப் பாதி, திருப்பதிக்குப் பாதி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். கடிதம் எப்படி எழுதுவது என்ற ஞானத்தை மட்டும் பங்கு போட முடியவில்லை. அதனால் இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக, திருச்சானூர் போகிற ரோட்டில், ஒருங்கிணைந்த மாதிரிக் கடித நிலையம் என்று கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்று எழும்பியது. ஜனங்கள் வாயில் அது டெம்ப்ளேட் ஆபீஸ். யார், எந்த அலுவலகத்துக்கு, எதற்காக மனுப் போட்டாலும் அங்கே கம்ப்யூட்டரில் அடித்த கடிதமாக இருந்தால்தான் செல்லும் என்று உத்தரவு.

பிரகாசம் போய் இறங்கிய நாள் அந்த ஆபீசின் திறப்புவிழா நாள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே ஏசி ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மௌசுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்.

முதல் மனுதாரர் இல்லாமல் திறப்புவிழா நடத்த முடியாது என்று வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் பிரகாசம் ஒருவர்தான். அழைத்துப்போய் மாலை போட்டார்கள்.

நிலையத்தின் இயக்குநர் கோகுலகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். தெலுங்கும் தமிழும் இங்கிலீஷும் கலந்த அந்தப் பேச்சைத் தமிழாக்கினால் இப்படி வரும்:

"பெரியோர்களே! இதுநாள் வரைக்கும் மனுஷன் தனக்கு என்ன வேணுமோ அதை எழுதினான். அதனால அதிகாரி அதைப் படிக்க வேண்டி வந்தது. படிச்சுப் படிச்சு எத்தனை அதிகாரி ஆரோக்கியத்தை இழந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. இனிமே அந்தக் கஷ்டம் கிடையாது. எல்லாக் கடிதமும் ஒரே கடிதம். ஒண்ணைப் படிச்சா எல்லாத்தையும் படிச்சதாகும். அந்த ஒண்ணையும் நான் ஏற்கெனவே படிச்சிட்டேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

முகூர்த்தம் நெருங்கியது. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தவள் ஹரிதா. நகரிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்ட் வேலை. இயக்குநர் டெம்ப்ளேட் ஃபைலைத் திறந்து அதிலேயே தட்டச்சு செய்ய விரலைத் தூக்கியதும் அவள் குனிந்து காதோடு சொன்னாள்.

"சார், இது டெம்ப்ளேட்டே சார். இதுல அடிக்கக்கூடாது. நியூன்னு குடுத்தா இது மாதிரியே பேரில்லாத காப்பி ஒண்ணு வரும். அதுல அடிச்சி அதை சேவ் பண்ணணும். டெம்ப்ளேட் அப்படியே சுத்தமா இருக்கும். அடுத்தாளுக்கு மறுபடியும் நியூ."

"ஹரிதா, நீ சின்னப் பொண்ணு," என்றார் இயக்குநர் அன்போடு. "முகூர்த்தத்துல யாராச்சும் காப்பிக்குத் தாலி கட்டுவாங்களா? பூஜை எதுக்குப் போட்டமோ அதுலதான் செய்யணும்."

புரோகிதரும் அதை ஆமோதித்தார். மாவிலைத் தோரணம் ஒரிஜினலுக்குக் கட்டியது. காப்பிக்கு வேண்டுமென்றால் தனித் தட்சிணையோடு தனித் தோரணம்.

ஆக, இயக்குநர் டெம்ப்ளேட்டிலேயே அடித்தார். 'சித்தூர் வாசியான பிரகாசம் ஆகிய நான், என் மனைவி ஞானசௌந்தரியின் வலது கண்ணில் ஆபரேஷன் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' மேளம் கொட்ட, அட்சதை விழ, சேவ் என்பதை அமுக்கினார். அடுத்ததாக, இனி ஒருவரும் இதில் கை வைக்கக்கூடாது என்று பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு, உதடு துடிக்க, பக்தியோடு தட்டினார். என்ன தட்டினார் என்று அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது அபசாரம் என்று பட்டதால் ஒருவரும் கேட்கவில்லை.

பிரிண்டர் கக்கிய முதல் கடிதத்தைச் சிறப்பு விருந்தினர் ஞாபகார்த்தமாகக் கேட்டார். லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"எனுக்கு?" என்றார் பிரகாசம்.

"திங்கக்கெழமை வாங்க," என்றார் இயக்குநர். "உங்க பேர் உள்ளேயே இருக்கு. எங்கேயும் போயிடாது."

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது பலித்தது.

திங்கட்கிழமை பிரகாசம் போனபோது ஆபீசே சந்தைக்கடை. புத்தூரிலிருந்து வந்த பவன்குமார் என்ற லாரிக்காரர் ஒரு தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, லாரி பர்மிட்டுக்கு லெட்டர் கேட்டா, எம்பொண்டாட்டி ஞானசௌந்தரின்னு போட்டுக் குடுத்துக்கிறியே! எம்பொண்டாட்டி பார்த்தா எங்கதி இன்னா ஆவறது?"

"அண்ணா, யாருக்கு நியூ குடுத்தாலும் அதான் வருது," என்றாள் ஹரிதா. "பூட்டிட்டாங்க. அழிக்கவும் வராது, சேக்கவும் வராது. வாங்கிக்கினு போங்க. மார்ஜின் கரெக்டா இருக்குது."

அது உண்மை. பக்கத்து மேஜையில் மார்ஜின் அதிகாரி என்று ஒருவர் பித்தளை ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலே, கீழே, இடது, வலது என்று அளந்து, 'சரியாக உள்ளது' என்று முத்திரை குத்தினார். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலையில் சேர்த்தியில்லை. அதைப் பார்க்கிற பதவி இன்னும் நிரப்பப்படவில்லை.

பவன்குமார் அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு போனார். போக்குவரத்து ஆபீசில் முத்திரையைப் பார்த்துவிட்டு அதை அங்கீகரித்தார்கள். ஞானசௌந்தரியின் வலது கண்ணுக்கு ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்று மாநிலத்திலும் சரக்கு ஏற்றிச்செல்ல அனுமதி வழங்கப்பட்டது.

பிரகாசத்தின் முறை வந்தது. ஹரிதா நியூ என்று அமுக்கினாள். கடிதம் வந்தது. பெயர் சரி, மனைவி சரி, கண் சரி. அன்றைக்கு அந்த ஆபீசில் ஓர் எழுத்தும் தப்பில்லாத கடிதம் கிடைத்த ஒரே மனிதர் அவர்தான். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓ, நீதானா அந்தப் பிரகாசம்?" என்றார் ஒருவர்.

"பாரு, எப்டி நிக்கிறாரு பாரு," என்றார் இன்னொருவர். "ஊருக்கே தம் பொண்டாட்டியக் கட்டி வச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி."

வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அது மாதிரி பிரகாசத்துக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று. வலிக்கவில்லை. அவ்வளவுதான். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினார்.

மறுநாள் கடிதத்தைக் காட்டியதும் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். அது வருவதற்குள் பேக்கரிக்குத் தபால் வர ஆரம்பித்தது. மனு எந்தப் பெயரில் போனதோ அந்தப் பெயருக்குத்தானே பதில் வரும்? முதலில் நகராட்சிக் குழாய் இணைப்பு. ஆட்கள் வந்து கடை வாசலைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். அடுத்த நாள் வேறு ஆட்கள் வந்து இன்னொன்று. பிறகு வரிசையாகக் குழாய்கள், யானைக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டிபோல. பட்டாசுக் கடைக்கு உரிமம் வந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி வந்தது. குழந்தை பிறந்ததற்குச் சுகாதாரத் துறையிலிருந்து கொசுவலையும் பவுடரும் வந்தன. அதே தபாலில் பிரகாசம் இறந்துவிட்டதற்கான சான்றிதழும் வந்தது. அதைக் கொடுத்த தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வருத்தமா இருக்குது சார்," என்றார். பிரகாசம், "பரவாயில்ல," என்றார்.

ஒரு நாள் காலை கால்நடைத் துறை வேனில் ஓர் எருமை வந்து இறங்கியது. நல்ல முர்ரா ஜாதி. ரஸ்க் அலமாரியை முகர்ந்து பார்த்துவிட்டு, கல்லாவுக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

"யாருங்க வந்துகிறாங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஞானசௌந்தரி. அவருக்குக் கறுப்பாக ஏதோ ஒரு ஆகிருதி தெரிந்தது. "உக்காரச் சொல்லுங்க. டீ போடட்டுமா?"

"உக்காந்துட்ச்சி சௌந்தரி," என்றார் பிரகாசம்.

இருப்பதெல்லாம் இருக்கட்டும், கண் ஒன்று சரியானால் போதும் என்று அவர் காத்திருந்தார்.

தேதி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு முழுக்க ஆட்கள், ஒவ்வொருவர் கையிலும் பிரகாசம் கையில் இருந்த அதே கடிதம். பல பேருக்கு வலது கண்ணில் பச்சைத்துணி கட்டியிருந்தது. அதில் ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்டார். பவன்குமார்.

"அண்ணா, நீயும் வந்துட்டியா?"

"உங்களுக்கு இன்னா ஆச்சு? கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. லெட்டர்ல வலது கண்ணுன்னு போட்டு, சீல் குத்திக் குடுத்துக்கிறான். கவர்மென்ட்டு சொல்லிட்டப்புறம் நாம எப்டி மீறுறது? ஒரு நாள் லாரியை ஓரம் கட்டிட்டு வந்து பண்ணிக்கினேன். ஒண்ணும் சொல்றதுக்கில்ல அண்ணா, கரகம்பாடி ரோட்ல குழி எல்லாம் இப்ப தனித்தனியாத் தெரியுது."

பிரகாசம் மனைவியைக் கைப்பிடித்துக் கவுண்டருக்கு அழைத்துப் போனார். கவுண்டர்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார்.

"இன்னா பெரியவரே, விளையாட்றியா? ஞானசௌந்தரி, பிரகாசம் மனைவி, வலது கண்ணு. ஆபரேஷன் ஆயிட்ச்சி. ஒரு தடவை இல்ல. போன மாசத்துலேருந்து ஆயிக்கினே இருக்குது. ஒரு ஆளுக்கு எத்தினி வலது கண்ணு?"

"ஒண்ணுதாங்க," என்றார் ஞானசௌந்தரி. "அதுவும் இன்னும் தெரியல."

"ரெக்கார்ட்ல தெரியுது."

"ஐயா, அது வேற ஆளுங்க. ஒரிஜினல் இவதான்," என்றார் பிரகாசம்.

"அதான் எல்லாரும் சொல்றாங்க," என்று கவுண்டர்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வானத்தில் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது ஞானசௌந்தரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் இரண்டு விரலால் சட்டையைப் பிடிப்பார். இப்போது முழுக்கையால். பிரகாசத்துக்கு அது தெரிந்தது. கோபம் வர வேண்டும் என்று நினைத்தார். வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் விண்விண் என்று ஏதோ ஒன்று, அதுவும் தூரத்தில்.

மறுநாள் இருவரும் இயக்குநரைப் பார்க்கப் போனார்கள். இயக்குநர் அறையில் வாசனைத் தண்ணீர் தெளித்துக் குளுகுளுவென்று இருந்தது. அவர்கள் சொன்னதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிரகாசம் காரு, நீங்க தப்பாப் புரிஞ்சிக்கினீங்க. டெம்ப்ளேட்ல தப்பு கிடையாது. அது முகூர்த்தத்துல ஏத்தினது. தப்பு ஜனங்ககிட்ட. ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு கஷ்டம்னு இஷ்டத்துக்கு வச்சிருக்காங்க. ஒழுங்குமுறையே இல்ல. நாங்க சுற்றறிக்கை விட்டுட்டோம்."

சுற்றறிக்கையைக் காட்டினார். சேவை விரைவாகக் கிடைக்க விரும்பும் பொதுமக்கள் தங்கள் பெயரைப் பிரகாசம் என்று முறைப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அது வீண்போகவில்லை. சத்தியவேட்டில் கமலம்மா என்ற ஒரு பாட்டி தண்ணீர் இணைப்புக்காக நாலு தடவை பஸ் ஏறிச் சலித்துப்போய், கெசட்டில் கமலம்மா என்கிற பிரகாசம் ஆகிவிட்டாள். இப்போது அவள் வீட்டில் தண்ணீர் வருகிறது. அவள் புருஷன் மட்டும் கொஞ்ச நாளாகத் திண்டாடுகிறார். கூப்பிட என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை.

"நான்தான் ஏற்கெனவே பிரகாசம் சார்," என்றார் பிரகாசம். "எனுக்கு மட்டும்தான் ஒண்ணும் ஆவலை."

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்தார். தகப்பன் மகனுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

"அதைத்தான் நீங்க யோசிக்கணும். நீங்க மனுதாரர் கிடையாது. நீங்க மாதிரி. பாடப்புத்தகத்துல ராமன் பள்ளிக்கூடம் போனான்னு போட்டிருக்கு. அந்த ராமன் வந்து, எனக்கு டி.சி. குடுங்கன்னு கேட்டா எந்த ஹெட்மாஸ்டர் குடுப்பார்? மாதிரியா இருக்கிறவங்க எதையும் எதிர்பார்க்கக் கூடாது. எங்களைப் பாருங்க. நாங்க ஏதாச்சும் செய்றமா?"

"எம்பேரை எடுத்துடுங்க சார்."

"பூட்டியிருக்கே."

"பூட்டைத் திறந்து..."

"அதுக்கு எனக்கு ஒரு மனு வேணும்."

ஹரிதா மனு அடித்துக் கொடுத்தாள். பிரகாசம் ஆகிய நான், என் மனைவி ஞானசௌந்தரியின் வலது கண்ணில் என்றுதான் அதுவும் வந்தது. மார்ஜின் அதிகாரி அளந்து முத்திரை போட்டார். இயக்குநர் மேலே குறிப்பு எழுதினார்: 'இது கண் தொடர்பானது. எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.'

பிரகாசம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தார். போகச் சொன்னால் போயிருப்பார். இயக்குநர் சங்கடப்பட்டு டீ வரவழைத்தார். டீயோடு ஒரு வழியும் சொன்னார். பழைய டெம்ப்ளேட்டைத் தொட முடியாது. புதிய பதிப்பு என்று ஒன்றைத் திறந்துவைக்கலாம். அதற்கு விழா வேண்டும். விழாவுக்கு முதல் பெயராக ஒரு பெயர் வேண்டும். "உங்களுக்குப் பதிலா ஒரு நல்ல ஆளைக் காட்டுங்க. அவர் பேரைப் போட்டுடலாம். நீங்க விடுதலை."

பிரகாசம் யோசித்தார். பவன்குமாரைச் சொல்லலாம். எதிர்வீட்டுத் தையல்காரரைச் சொல்லலாம். யாரைச் சொன்னாலும் அவர் வாசலில் குழாய் முளைக்கும், எருமை இறங்கும், அவர் வீட்டுக்காரியின் உடம்பில் ஏதாவது ஒன்று ஊருக்குப் பொதுவாகிவிடும். ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"நமக்கு வேணாம் சௌந்தரி," என்றார். "எழுந்திரு, போவலாம்."

ஞானசௌந்தரி எழவில்லை. டீ டம்ளரைத் தடவித் தேடிக் கீழே வைத்தார். இயக்குநர் இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்துப் பேசினார். அவர் பேசியது அலமாரியைப் பார்த்து.

"இதுல யோசிக்க இன்னாங்க இருக்குது? பன்னு சுடுறவன் பேரைப் போட்டதே தப்பு. இம்மாம் பெரிய ஆபீசு. ஊருக்கெல்லாம் போற லெட்டரு. அதுல சார் பேரைப் போடாம கண்டவன் பேரைப் போட்டா ஊரு இன்னா பேசும்?"

இயக்குநர் ரிமோட்டைத் தேடி ஏசியைக் குறைத்தார்.

"என் பேரா?" என்றார் இயக்குநர். கைக்குட்டையை எடுத்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒருத்தர்கூட இதைச் சொன்னதில்லையம்மா. எனக்கும் தோணித்தான் இருந்தது. நானா எப்படிச் சொல்றது?"

வெளியே வந்ததும் பிரகாசம் கேட்டார்: "தெரிஞ்சிதான் சொன்னியா?"

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றார் ஞானசௌந்தரி. "எனுக்குத்தான் கண்ணே தெரியலையே."

இரண்டாவது திறப்புவிழா முதலாவதை விடப் பெரிதாக நடந்தது. நாதஸ்வரம் இரண்டு ஜோடி. ஹரிதா மறுபடியும் குனிந்து, "சார், இந்தத் தடவையாச்சும் காப்பி..." என்று ஆரம்பித்தாள். இயக்குநர் அவளைப் பார்த்த பார்வையில் எலுமிச்சம்பழத்தை எடுத்துவைக்கப் போய்விட்டாள். இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். புதிதாக ஒன்றும் எழுத ஓடவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து அப்படியே அடித்தார். பிரகாசம் என்ற இடத்தில் மட்டும் தன் பெயரையும் பதவியையும் பட்டங்களையும் நிறுத்தி நிதானமாகப் போட்டார். மேளம் கொட்டியது. சேவ். கண்ணை மூடிப் பாஸ்வேர்டு. சுபம்.

அன்று பிற்பகல் ஹரிதா பிரகாசத்துக்கு நியூ கொடுத்து எடுத்த கடிதம் இது: 'ஒருங்கிணைந்த மாதிரிக் கடித நிலையத்தின் இயக்குநர் கோகுலகிருஷ்ணன் ஆகிய நான், என் மனைவி ஞானசௌந்தரியின் வலது கண்ணில் ஆபரேஷன் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

பிரகாசம் அதை இரண்டு தடவை படித்தார்.

"மாமா, இதைக் கொண்டுபோங்க," என்றாள் ஹரிதா மெதுவாக. "மத்தவங்க வர்றதுக்கு முன்ன போயிடுங்க."

கண் ஆஸ்பத்திரிக் கவுண்டர்காரர் கடிதத்தைப் பார்த்ததும் நாற்காலி பின்னால் விழ எழுந்தார். கம்ப்யூட்டரில் தேடினார். இயக்குநர் மனைவி ஞானசௌந்தரிக்கு இதுவரை ஓர் ஆபரேஷனும் நடக்கவில்லை. அதற்கு மேல் அவர் எதையும் தேடவில்லை.

"அம்மா, நீங்க ஏன் க்யூவுல நின்னீங்க? ஒரு போன் போட்டா வண்டி அனுப்பியிருப்போமே! ஏய், வீல்சேர் கொண்டா!"

தனி அறை கொடுத்தார்கள். ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். பெரிய டாக்டரே வந்து ஆபரேஷன் செய்தார். பிரகாசத்தைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்று நர்ஸ் கேட்டாள்.

பிரகாசம் கொஞ்சம் யோசித்தார். "கூட வந்த ஆளு," என்றார்.

"அப்போ வெளிய பெஞ்சியில உக்காரு."

பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டின மனைவி உள்ளே வேறொருவர் மனைவியாகப் படுத்திருக்கிறார் என்பதை மனசுக்குள் உருட்டிப் பார்த்தார். அதில் துக்கம் இருக்கிறதா, சிரிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். மாவு பிசைந்து பிசைந்து மரத்த கைபோல ஒன்றும் தெரியவில்லை. வெளியே முதல் மழைத்துளி விழுந்தது. அதை மட்டும் பார்த்தார்.

அந்த வாரத்திலேயே இயக்குநர் வீட்டுக்குக் குழாய் பதிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றும், யாரோ சத்தியவேட்டுக்கு மாற்றல் கேட்டுப் போட்ட மனு அவர் பெயரில் ஏற்கப்பட்டுவிட்டது என்றும், வீட்டில் யார் அந்த ஞானசௌந்தரி என்ற விசாரணை இன்னும் முடியவில்லை என்றும் பவன்குமார் வந்து சொன்னார். பிரகாசம் அவருக்கு ஒரு பன் கொடுத்தார்.

கட்டுப் பிரித்த அன்று இருவரும் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள். ஆட்டோக்காரர் திருச்சானூர் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். ஞானசௌந்தரி வாய் ஓயாமல் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். மொட்டை போட்ட தலைகளை எண்ணினார். லாட்ஜ் மாடியில் காய்கிற வேட்டியில் கரை என்ன நிறம் என்று சொன்னார். பிரகாசத்தின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "இம்மாம் கெழவனாயிட்டீங்களே, யாரும் சொல்லவே இல்ல," என்றார். பிரகாசத்துக்கு மரத்த இடத்தில் லேசாக எறும்பு ஊர்வது போல் இருந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

டெம்ப்ளேட் ஆபீஸ் வந்தது. கண்ணாடியெல்லாம் மின்ன, வாசலில் கூட்டம் நிற்க, அப்படியே இருந்தது. ஞானசௌந்தரி அதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏங்க, பக்கத்துல இருக்கிற டீக்கடைக்குக்கூடக் கம்பத்துலேருந்து கம்பி போவுது. இதுக்கு எதுவும் காணோமே?"

ஏசியும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஓடுகிற அந்தக் கட்டடத்துக்குக் கட்டி முடித்த நாள் முதல் இன்றுவரை மின்சார இணைப்பு கொடுக்கப்படவில்லை.